முள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்!

நீங்க தமிழ்நாட்டுல எந்த ஊரா வேணா இருங்க... வாழ்க்கையில ஒரு தடவையாவது விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்திருப்பீங்க. பாதித் தூக்கத்துல கண்ணைத் திறந்தா, மஞ்சள் போர்டுல 'விழுப்புரம்'. "டீ... டீ...", "சார் தண்ணி பாட்டில்" சத்தம். ஒரு டீ, ஒரு கொட்டாவி, மறுபடி தூக்கம். அவ்வளவுதான் உங்களுக்கும் எங்க ஊருக்குமான உறவு!

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடின்னு அஞ்சு திசைக்கு இங்கிருந்து தண்டவாளம் பிரியுது. எல்லாரும் எங்கேயோ போறதுக்காக இங்கே வர்றாங்க. இங்கேயே இருக்கறதுக்காக யாரும் வர்றதில்லைன்னு நானும் நினைச்சிருந்தேன், எங்க வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு ஜோடி வந்து சேர்ற வரைக்கும். அந்தக் கதையைச் சொல்லத்தான் உங்களை இன்னிக்கு விழுப்புரத்துல இறக்கிவிடறேன். பையை எடுத்துக்கிட்டு வாங்க!

ஜன்னலோர சீட்!

வீடு விழுப்புரம். காலேஜ் திண்டிவனம். நடுவுல நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மூணு வருஷம் பாசஞ்சர் ட்ரெயின்தான் நமக்கு காலேஜ் பஸ். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம்... கண்ணை மூடிக்கிட்டே ஸ்டேஷன் பேரைச் சொல்லுவேன். விக்கிரவாண்டியை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப டோல்கேட்ல ரெண்டு மணி நேரம் நின்னிருப்பீங்களே, அதே ஊர்தான்!

இறங்கற இடத்தோட பேருக்குப் பின்னாடியும் ஒரு காடு இருக்கு. வடமொழியில 'திந்திரிணி'ன்னா புளிய மரம். 'திந்திரிணி வனம்'தான் திண்டிவனம் ஆச்சுன்னு சொல்றாங்க. புளியங்காட்டுக்கு தினமும் ட்ரெயின் ஏறிப்போன கும்பல் நாங்க.

ஜன்னலோர சீட் கிடைச்சா தெரியும்... தந்திக் கம்பியில இரட்டைவால் குருவி, வயல்ல கொக்கு, வரப்புல பனை, தண்டவாளத்தை ஒட்டிக் கள்ளிப் புதர். முதல் ஆறு மாசம் நான் இது எதையும் பார்க்கலை. அரியர் கவலை ஒரு பக்கம், மொபைல் ஒரு பக்கம்!

அப்புறம் ஒரு நாள், திண்டிவனத்துல ஒரு தள்ளுவண்டி நர்சரியில அதைப் பார்த்தேன். பச்சைத் தண்டு மேல, பந்து மாதிரி ரத்தச் சிவப்புல ஒரு குட்டிக் கள்ளி. "இது சாகவே சாகாது தம்பி"ன்னார் வண்டிக்காரர். அறுபது ரூபா கொடுத்து வாங்கிட்டு வந்தேன்.

இருபதே நாள்ல செத்துப்போச்சு!

பாசத்துல தினமும் காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினேன். அடித்தண்டு வாழைப்பழம் மாதிரி கொழகொழன்னு ஆயிடுச்சு. அதைத் தூக்கிக் குப்பையில போட்டப்ப அம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க. "நீ கொஞ்சம் சும்மா இருந்திருந்தா அது இருந்திருக்கும்டா."

அந்த டயலாக்கைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

கள்ளி வேற... காக்டஸ் வேற!

செத்ததுக்குக் காரணம் தேடினப்பதான் ஒரு பெரிய டவுட்டே தீர்ந்துச்சு. உங்களுக்கும் தீரணும்னா திண்டிவனத்துல பஸ் ஏறி செஞ்சிக்கு வாங்க. முக்கால் மணி நேரப் பயணம். ராஜகிரிக் கோட்டைக்கு ஏற்றதுக்கு முன்னாடி, சுத்தியிருக்கற பாறைகளைக் கொஞ்சம் பாருங்க. இடுக்குல எல்லாம் நாலு பட்டையா, கொத்துக் கொத்தா நிக்குதே, அது சதுரக்கள்ளி. நம்ம மண்ணோட செடி. ஆனா அது காக்டஸ் கிடையாது!

நம்ம சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் 'யூஃபோர்பியா' குடும்பம். அதாவது ஆமணக்குக்கு உறவுக்காரங்க. காக்டஸ் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. அதுல ஒரே ஒரு இனம் மட்டும்தான் இலங்கை, ஆப்பிரிக்கா பக்கமும் இயற்கையாவே வளருது. ரெண்டு குடும்பமும் வேற வேற கண்டத்துல, ஒரே மாதிரி வெயிலுக்கு ஒரே மாதிரி உடம்பை வளர்த்துக்கிச்சுங்க. சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் ஒரே டிசைன் சட்டை போட்டுட்டு வந்த மாதிரி!

கண்டுபிடிக்கிறது ஈஸி. முள் எங்கிருந்து கிளம்புதுன்னு பாருங்க. பஞ்சு மாதிரி ஒரு சின்னத் திட்டு இருந்து, அதுலேருந்து முள் கொத்தா வந்தா அது காக்டஸ். அந்தத் திட்டு இல்லாம, கீறினா வெள்ளைப் பால் வந்தா அது நம்மூர்க் கள்ளி. (கீறிப் பார்க்காதீங்க பாஸ்! அந்தப் பால் கண்ணுல பட்டா ஆஸ்பத்திரிதான்.)

இன்னொரு ஷாக் சொல்லவா? ஊர் ஓரத்துல தட்டைத் தட்டையா இருக்கற சப்பாத்திக்கள்ளி, நம்ம ஊர்ச் செடின்னுதானே நினைச்சீங்க? அது அசல் அமெரிக்கா! பழக்கடையில கிலோ கணக்குல விக்கிற டிராகன் ஃப்ரூட்டும் காக்டஸ்தான். ராத்திரியில பூக்குதுன்னு தெருவே கூடி வேடிக்கை பார்க்கற 'பிரம்ம கமலம்'... அதுவும் காக்டஸ்தான். முள் இல்லாததால நம்மகிட்ட மாட்டாம இருந்திருக்கு!

நான் கொன்ன அந்தச் சிவப்புப் பந்து? அதுக்கு 'மூன் காக்டஸ்'னு பேர். அதுல பச்சையமே கிடையாது. தானா சாப்பாடு தயாரிக்க முடியாது. அதனாலதான் டிராகன் ஃப்ரூட் மாதிரியான ஒரு பச்சைத் தண்டு மேல ஒட்டு போட்டு விக்கிறாங்க. எவ்வளவு நல்லாப் பார்த்துக்கிட்டாலும் சில வருஷம்தான். 'சாகவே சாகாது'ன்னு சொல்லி விக்கப்படற செடி அது!

கோட்டைச் சுவரா ஒரு வேலி

"வீட்ல முள் செடி வைக்கக் கூடாது, ஆகாது" - எங்க பக்கத்து வீட்டுப் பாட்டியோட தீர்ப்பு. உங்க வீட்டுலயும் ஒரு பாட்டி இருப்பாங்க. ஆனா ஒரு காலத்துல ஒரு நகரத்துக்கே முள்தான் பாதுகாப்பு.

விழுப்புரத்துலேருந்து ஒரு மணி நேரத்துல போயிடலாம் புதுச்சேரிக்கு. பிரெஞ்சுக்காரங்க காலத்துல, நகரத்தைச் சுத்தி கற்றாழையும் முள் செடிகளும் தென்னையும் பனையும் கலந்து ஒரு எல்லை வேலி வளர்த்து வச்சிருந்தாங்க. குதிரைப்படையே நுழைய முடியாத வேலி. 1760-ல பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டப்ப, செப்டம்பர்ல பிரிட்டிஷ் படை அந்த வேலியைப் பிடிச்சுது. 1761 ஜனவரியில நகரமே சரணடைஞ்சுது.

அடுத்த கதை இன்னும் சுவாரசியம். சப்பாத்திக்கள்ளியில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு ஒரு பூச்சி வாழும். நசுக்கினா ரத்தச் சிவப்புச் சாயம். ஐரோப்பாவுல அந்தச் சாயத்துக்கு அவ்வளவு கிராக்கி! பிசினஸ் ஸ்பெயின் கையில. அதை உடைக்க ஆசைப்பட்டு, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர் 1780-களோட கடைசியில சென்னை சைதாப்பேட்டையில ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். ஆமாம், நம்ம சைதாப்பேட்டைதான்!

1795-ல பிரேசில்லேருந்து பூச்சியும் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்துச்சு. ஆனா வந்தது தப்பான இனம். நல்ல சாயம் தரலை. அதுக்குப் பதிலா கள்ளியைத் தின்னு தீர்க்க ஆரம்பிச்சிடுச்சு! 'அட, இது நல்லாருக்கே'ன்னு 1860-கள்ல அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்து, பரவிக்கிடந்த ஒரு கள்ளி இனத்தை ஒழிச்சாங்க. அது தொடாத வேற கள்ளிகள் பரவினப்ப, 1926-ல இலங்கையிலேருந்து இன்னொரு பூச்சி இனம். அஞ்சாறு வருஷத்துல தென்னிந்தியாவுல சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளிக்காடு காலி!

வேலியா நட்டாங்க... சாயத்துக்காக வளர்த்தாங்க... தொல்லைன்னு அழிச்சாங்க. இந்தச் செடியை மனுஷங்க எதுக்காவது பயன்படுத்தினாங்க, இல்லேன்னா ஒழிச்சாங்க. சும்மா விட்டு வச்சது பறவைங்க மட்டும்தான்.

தண்ணி ஊத்தாம பாசம் காட்டுங்க!

அந்த முதல் சாவுக்கு அப்புறம் எனக்கு ஒரு வெறி வந்துடுச்சு. மூணு வருஷத்துல மொட்டை மாடியில 43 தொட்டி! கோல்டன் பேரல், மாமில்லேரியா, ஆளுயரத்துக்கு நிக்கிற செரியஸ், சோத்துக்கத்தாழை, நம்ம சதுரக்கள்ளி, பிரண்டை வரைக்கும். உங்களுக்கும் ஆசை வந்தா, அடிபட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்...

மண்: சாதாரணத் தோட்ட மண் ஒரு பங்குன்னா, பெருமணலும் உடைச்ச செங்கல் ஜல்லியும் சேர்ந்து ரெண்டு பங்கு. மக்கின எரு ஒரு கைப்பிடி. தண்ணி ஊத்தினா நிக்காம அடியில ஓடணும்.

தொட்டி: மண் தொட்டி பெஸ்ட். அடியில ஓட்டை கட்டாயம். டீ கப்புல வச்சு விக்கிறது போட்டோவுக்கு அழகு, செடிக்குச் சமாதி.

தண்ணி: விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. முழுக்கக் காஞ்சிருந்தாதான் ஊத்தணும். கோடையில வாரம் ஒரு தடவை போதும். ஐப்பசி, கார்த்திகையில மழை படாத இடத்துக்கு மாத்திடணும். நம்ம பக்கம் கள்ளியைக் கொல்றது வெயில் இல்லீங்க, வடகிழக்குப் பருவமழை!

வெயில்: நர்சரி நிழல்ல இருந்த செடியை நேரா மே மாச மொட்டை மாடியில வச்சா அதுக்கும் தோல் கருகும். ரெண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க.

பூச்சி: வெள்ளையா மாவுப்பூச்சி தெரிஞ்சா, வேப்பெண்ணெயில ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி கலந்து பஞ்சால துடைங்க.

ஏமாறாதீங்க: சில கடைகள்ல கள்ளி உச்சியில காஞ்ச பூவைப் பசை போட்டு ஒட்டி விப்பாங்க. லேசாத் தொட்டுப் பாருங்க, காகிதம் மாதிரி சரசரன்னா டூப்! செஞ்சி மலையிலேருந்து பிடுங்கிட்டு வர்ற ஐடியாவும் வேண்டாம். அது தொல்லியல் துறை பாதுகாக்கற இடம். நர்சரியில வளர்த்ததையே வாங்குங்க.

இந்தச் செடிங்க பகல்ல மூச்சை அடக்கிக்கிட்டு, ராத்திரி குளிர்ச்சியிலதான் துளைகளைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கும். பகல்ல திறந்தா தண்ணியெல்லாம் ஆவியாயிடுமே! எக்ஸாம் டயத்து ஹாஸ்டல் பசங்க மாதிரி, எல்லா வேலையும் ராத்திரியிலதான்.

அட்டெண்டன்ஸ் போட்டவங்க

செடிக்குத் தண்ணி கம்மி. ஆனா மே மாசம் அக்னி நட்சத்திரத்துல விழுப்புரம் வெயிலுக்கு, ஒரு அகலமான மண் தட்டுல தண்ணி வச்சேன். ரெண்டு விரல்கட்டை ஆழம்தான், நடுவுல ஒரு கல். குருவி அந்தக் கல்லுல நின்னு குடிக்கும். தினமும் தட்டைத் தேய்ச்சுக் கழுவி மாத்தணும். இல்லேன்னா கொசுவும் வரும், பறவைங்களுக்கு நோயும் வரும்.

முதல் வாரம் காக்கா மட்டும். அப்புறம் ஒவ்வொருத்தரா...

காலை ஆறு மணிக்கு மைனா, ஹெட்மாஸ்டர் நடை! ஏழு மணிக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம். ஏழெட்டு பேரா சேர்ந்து வந்து, கேன்டீன்ல கேங் உட்கார்ந்த மாதிரி ஒரே கத்தல். கத்தாழை பூத்தப்ப வந்துச்சு பாருங்க தேன்சிட்டு... கட்டை விரல் சைஸ் உடம்பு, வெயில் பட்டா ஊதாவும் பச்சையுமா மின்னும். சப்பாத்திக்கள்ளி பழத்துக்குக் கொண்டைக்குருவி. தின்னுட்டு வாயெல்லாம் சிவப்பு! சின்ன வயசுல நாமளும் அப்படித்தானே, முள்ளை மண்ணுல தேய்ச்சுட்டுத் தின்னுட்டு, நாக்கை நீட்டிக் காட்டிக்கிட்டுத் திரிவோம்?

சாப்பாடு வைக்கலாமான்னு கேட்பீங்க. கொஞ்சம் கம்பு, நொய்யரிசி வைக்கலாம். மிக்சர், சிப்ஸ், உப்பு போட்ட மிச்ச சாப்பாடு வேண்டாம். நாம வைக்கறதையே நம்பி அதுங்க உட்கார்ந்துடவும் கூடாது. கிளியைப் பிடிச்சுக் கூண்டுல வச்சா அதுக்குப் பேர் நட்பு கிடையாது. 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசியா வந்தாங்க நம்ம ஜோடி. இளம்பழுப்பு நிறம், கழுத்துல கருப்புப் புள்ளி போட்ட பட்டை. சின்னத் தவிட்டுப்புறா. தமிழ்ல புறா வகையில 'கள்ளிப்புறா'ன்னே ஒரு பேர் உண்டுன்னு தெரிஞ்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கள்ளியும் புறாவும் ஒரே வார்த்தையில! சங்க காலத்துலயே இந்தக் கூட்டணி இருந்திருக்கு. குறுந்தொகையோட 174-வது பாட்டுல, கள்ளிக்காய் வெடிக்கிற சத்தத்துக்குப் பயந்து ஜோடிப் புறாக்கள் பிரிஞ்சு பறக்கும். நம்மூர்க் கள்ளியோட காய் காஞ்சா நிஜமாவே பட்டுன்னு வெடிச்சு விதையைச் சிதறடிக்கும். எழுதினவர் நேர்ல பார்த்துட்டுதான் எழுதியிருக்கார்!

பூனையும் காக்காவும் கிட்ட வர யோசிக்கிற இடம் எது? முள்ளுக்குள்ள! செரியஸோட மூணு தண்டுக்கு நடுவுல, பத்துப் பதினைஞ்சு குச்சி. அதுதான் அதுங்க கூடு. சிவில் இன்ஜினீயரிங் பசங்க பார்த்தா சிரிப்பாங்க. உள்ளே ரெண்டு வெள்ளை முட்டை.

ஒரு ஃப்ளாஷ்!

இப்ப நான் பண்ணின தப்பைச் சொல்லணும்.

ஸ்டேட்டஸ் போடணுமே! ராத்திரி ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய், ஒரு அடி தூரத்துல மொபைலை நீட்டி... ஃப்ளாஷ். புறா படபடன்னு இருட்டுக்குள்ள பறந்துச்சு. போட்டோ செமயா வந்துச்சு. லைக்கும் எக்கச்சக்கம். மறுநாள் காலையில ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். சாயங்காலம் இன்னும் மூணு பேர்.

நாலாவது நாள்லேருந்து புறா வரலை. ரெண்டு முட்டையும் வெயில்ல கிடந்துச்சு. எட்டு நாள் காத்திருந்தேன்.

'மனுஷ வாசனை பட்டா பறவை ஒதுக்கிடும்'னு சொல்றது வெறும் கதை. ஆனா அடைகாக்கற நேரத்துல திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்ணினா, 'இந்த இடம் ஆபத்து'ன்னு புறா கூட்டையே விட்டுடும். அதுதான் நடந்துச்சு. முட்டையைத் தொட்டியிலேயே புதைச்சேன். அம்மா எதுவும் சொல்லலை. சொல்ல வேண்டியதை அந்தச் சிவப்புக் கள்ளி செத்தப்பவே சொல்லிட்டாங்களே!

வேடந்தாங்கல் பாடம்

அந்த வருத்தத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வேடந்தாங்கல் போனேன். திண்டிவனத்துலேருந்து சென்னை ரோடுல போய்த் திரும்பணும். செங்கல்பட்டு மாவட்டம். கார்த்திகையிலேருந்து பங்குனி வரைக்கும் ஏரிக்குள்ள மரம் தெரியாது, கொக்கும் நாரையும் கூழைக்கடாவும்தான் தெரியும்.

அந்தக் காலத்துல பறவைங்களைச் சுட்டவங்க மேல ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட புகார் பண்ணினாங்கன்னு சொல்வாங்க. 1798-ல லயனல் பிளேஸ் என்ற பிரிட்டிஷ் கலெக்டர், பறவைங்களைப் பாதுகாக்கற உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு நல்ல உரம், அது ஊருக்கு லாபம். பதிலுக்கு ஊர் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். தொந்தரவு பண்ணலை. வெடிச் சத்தத்தைக்கூடத் தவிர்த்தாங்க.

கையில தொடலை, பேர் வைக்கலை, செல்ஃபி எடுக்கலை. ஆனாலும் ரெண்டு நூற்றாண்டைத் தாண்டின நட்பு!

எங்க மாவட்டத்துலயும் மரக்காணம் பக்கத்துல கழுவேலி இருக்கு. 5,000 ஹெக்டேருக்கு மேல விரிஞ்ச சதுப்பு நிலம். 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. குளிர்காலத்துல ஒரு காலை நேரம் போய்ப் பாருங்க.

ஃபெஞ்சல் ராத்திரி

2024 நவம்பர். புறா மறுபடி வந்துச்சு. அதே செரியஸ், அதே மூணு தண்டு, ரெண்டு முட்டை. இந்தத் தடவை நான் மாடிக்குக் கொலுசு போட்ட பூனை மாதிரிகூடப் போகலை! தண்ணித் தட்டை மாத்தறதுக்கு மட்டும், அதுவும் தூரமா சுத்திப் போவேன். மத்த தோட்டம்னா தினமும் தண்ணி ஊத்தியே ஆகணும். கள்ளித் தோட்டத்தை ஒரு மாசம் அப்படியே விடலாம். ரெண்டு வாரம் அடைகாக்க, ரெண்டு வாரம் குஞ்சு வளர. கணக்கு கரெக்டா இருந்துச்சு.

புயல் கணக்குல வரலை. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறி, நகராம நின்னுடுச்சு. மயிலத்துல 24 மணி நேரத்துல சுமார் 50 செ.மீ. மழை. நான் தினமும் தாண்டிப் போன அதே மயிலம் ஸ்டேஷன்!

அன்னிக்கு மதியமே நானும் தம்பியும் அம்மாவும் தொட்டிகளை இறக்கிட்டோம். கை முழுக்க முள். ஹால், சமையலறை, பாத்ரூம் வாசல்னு 42 தொட்டி. மாடியில மிச்சம் ஒண்ணு, செரியஸ். தூக்கினா ரெண்டு பேர் தூக்கலாம். ஆனா கூடு? தண்டு ஆடினாலே முட்டை உருண்டுடும். கூட்டை மட்டும் எடுத்து உள்ளே வச்சா தாய்ப்புறா தேடி வராது. நடுவுல ஃப்ளெக்ஸ் கட்டலாம்னு கிளம்பினேன். மழையில நனைஞ்சபடி புறா முட்டை மேலேயே உட்கார்ந்திருந்துச்சு. ரெண்டு எட்டு வச்சதும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துச்சு.

திரும்பி வந்துட்டேன். சரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியலை.

விடிஞ்சப்ப கூடு இல்லை. அடுத்த நாள் தென்பெண்ணையில வெள்ளம், ரோடு கட். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல பாலத்துல அபாய அளவைத் தாண்டித் தண்ணி ஓடினதால ட்ரெயினும் நின்னுச்சு. எத்தனையோ வீடு மூழ்கின நேரத்துல ஒரு புறாக்கூட்டுக்காக அழறது எனக்கே வெட்கமா இருந்துச்சு. வெளியே சொல்லலை. இப்ப உங்ககிட்டதான் சொல்றேன்.

டிசம்பர் கடைசியில செரியஸோட அடித்தண்டு மெத்துன்னு ஆச்சு. அழுகல். இந்தத் தடவை எனக்கு விஷயம் தெரியும். நல்லா இருந்த மேல் பாதியைச் சுத்தமான கத்தியால வெட்டி, வெட்டின இடம் காயற வரைக்கும் பத்து நாள் நிழல்ல சும்மா போட்டு வச்சேன். சும்மா! அப்புறம் காஞ்ச மணல்ல நட்டேன். ரெண்டு மாசத்துல வேர் விட்டுச்சு.

பங்குனியில ஒரு காலையில பார்த்தா, பக்கத்து சதுரக்கள்ளியில நாலு குச்சி. மறுநாள் எட்டு. அதே ஜோடியா, வேற ஜோடியா தெரியாது. நான் எட்டிப் பார்க்கவே இல்லை. மாடிப்படி ஜன்னல் வழியா மட்டும்தான். ஒரு மாசம் கழிச்சு, கைப்பிடிச் சுவர்ல ரெண்டு குஞ்சு, பறக்கத் தெரியாம விழுந்து விழுந்து எழுந்துக்கிட்டு இருந்துச்சுங்க. மொபைல் என் பாக்கெட்லதான் இருந்துச்சு. எடுக்கலை. அதனால அந்த போட்டோவை உங்களுக்குக் காட்ட முடியாது!

உங்க டர்ன்!

ஹாஸ்டல் ஜன்னலா, வாடகை வீட்டு மாடியா, எதுவா இருந்தாலும் ஒரு மண் தட்டு, ஒரு கள்ளித் தொட்டி போதும். ஆரம்பிச்சுடுங்க. 2015-லேருந்து வருஷா வருஷம் பொங்கல் விடுமுறையில 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. பிப்ரவரியில காலேஜ் வளாகங்களுக்குன்னே தனிக் கணக்கெடுப்பு உண்டு. பெருசா ஒண்ணும் வேண்டாம். பதினைஞ்சு நிமிஷம் ஒரே இடத்துல நின்னு, என்ன பறவை, எத்தனைன்னு எண்ணி 'இ-பேர்ட்' இணையதளத்துல பதிவு பண்ணணும். உங்க காலேஜ் வேப்பமரத்துக்கும் அதுல ஒரு பக்கம் கிடைக்கும்!

நமக்குப் பிடிச்சவங்களை நாம எப்படிக் கவனிக்கிறோம்? 'எங்க இருக்கே', 'ஏன் ரிப்ளை பண்ணலை', 'யார்கூட இருக்கே'ன்னு காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் ஊத்திக்கிட்டே இருக்கோம். கள்ளியும் புறாவும் கேட்டது ரொம்பக் கம்மி. வெயிலுக்குக் கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் தூரம். அதைக் கொடுத்தா தானா வந்து பக்கத்துல உட்காருதுங்க.

அடுத்த தடவை விழுப்புரம் ஜங்ஷன்ல வண்டி நிக்கிறப்ப டீயை வாங்கிக்கிட்டு, தந்திக் கம்பியை ஒரு நிமிஷம் பாருங்க. இளம்பழுப்புல ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தா ஒரு ஹாய் சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னா போதும்... கத்தாதீங்க, பறந்துடும்!